கண்ணில் ஒற்றிய முகம்

மெல்பேர்னுக்கு நான் போனது ஓர் இத்தாலியனின் முகத்தைப் பார்க்க. சிட்னிக்குப் போனது என் தம்பியின் முகத்தைப் பார்க்க. இத்தாலியன் செத்து ஐந்நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அவனுடைய கண்ணிமை முதற்கொண்டு வெண்கலத்தில் பத்திரமாக இருக்கிறது. என் தம்பி தயாளன் காணாமல் போனபோது அவனுக்கு இருபது வயது. அவனுடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

ஏன் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ராணுவச் சுற்றிவளைப்புகள் நடந்த காலத்தில், வீட்டில் இளந்தாரிப் பிள்ளையின் படம் அகப்பட்டால் அதைக் காட்டியே அவனைத் தேடுவார்கள் என்ற பயத்தில், அப்பா போட்டோ அல்பத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் குசினி அடுப்பில் போட்டார். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். அதற்குப் பிறகும் தயா கொஞ்சக்காலம் எங்களோடு இருந்தான். அவனைப் படம் எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பிறகு ஒரு நாள் சைக்கிளில் போனவன் வரவில்லை.

இன்றைக்கும் அம்மா, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் காத்திருக்கிற மற்றத் தாய்மாரோடு வீதியோரப் பந்தலில் போய் இருக்கிறார். அவர்களுடைய மடியில் பிள்ளைகளின் படம் இருக்கும். அம்மாவின் மடியில் பெயர் எழுதிய மட்டை. "எனக்கே இப்ப அவன்ர முகம் வருகுதில்லை பிள்ளை. கண்ணை மூடினா அவன் போட்டிருந்த சேட்டுத்தான் தெரியுது" என்று போன வருடம் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

அந்த நேரத்தில்தான் என் சின்னம்மாவின் மகள் ரஞ்சி மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தாள். தயாவோடு ஒரே வகுப்பில் படித்த குகன் சிட்னியில் பென்டில் ஹில்லில் இருக்கிறானாம். பள்ளிக்கூடக் கிரிக்கெட் குழுப்படம் ஒன்று அவனிடம் இருக்கிறதாம். போனில் பிடித்து அனுப்பச் சொன்னோம். "அக்கா நேர வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். மண்டைக்கனம் பிடித்தவன் என்று வைதேன்.

விசாக்காரருக்கு நான் சொன்ன காரணம் இத்தாலியனுடையது. அதுவும் பொய்யில்லை. நான் கலை வரலாறு படிப்பிக்கிறவள். மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியப் பிரபுக்கள் தங்கள் முகத்தை வார்த்துக்கொண்ட பதக்கங்கள் என் பாடம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான் அது. கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கவென்றே செய்தது. அதை நான் இத்தனை காலமும் மங்கிப்போன போட்டோக் கொப்பியை வைத்துப் படிப்பித்திருக்கிறேன். சமைத்துப் பார்க்காமல் சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரித்தான். மெல்பேர்னில் ஓர் அருங்காட்சியகத்தில் அப்படிச் சில பதக்கங்கள் இருக்கின்றன, எழுதிக் கேட்டால் கையில் தருவார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டேன். திங்கட்கிழமை காலை வா என்று பதில் வந்தது.

ரஞ்சியின் வீடு வெரிபீயில், புதிதாகக் கட்டிய வீட்டுத் தொகுதிக்குள் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே சாம்பல் கூரை. வீதியில் மருந்துக்கும் ஒரு மனிசர் இல்லை. முதல்நாள் பின்னேரம் நடக்கப் போன நான் திரும்பி வந்து வேறொரு வீட்டுக் கதவைத் தட்டினேன். தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபிக் கிழவர் திறந்தார்.  செருப்பைப் போட்டுக்கொண்டு, பின்னால் வா என்று கைகாட்டி, இரண்டு வீடு தள்ளி ரஞ்சி வாசலில் என்னை விட்டுவிட்டுப் போனார். அவருக்கு இது பழகிப்போன வேலை போலிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. கணவாய் நல்லது. சொதியில் தேங்காய்ப்பால் தகர ரின்னில் இருந்து வந்தது என்பதை நாக்கு உடனே கண்டுபிடித்துவிட்டது. அதைச் சொல்லாமல் மூன்றாம் தரமும் ஊற்றிச் சாப்பிட்டேன்.

"அதென்னக்கா பதக்கம், ஸ்போர்ட்ஸ் மீட்டில குடுக்கிற சாமானோ?" என்று கேட்டாள் ரஞ்சி.

"உன்ர தாலிக்கொடியில தொங்குற பவுண் காசில ஆற்ற தலை இருக்கு?"

அவள் தாலிக்கொடியை வெளியே எடுத்துப் பார்த்தாள். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து கழுத்தில் கிடக்கிற காசை அன்றைக்குத்தான் முதன்முதலாக உற்றுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "ஆரோ தாடிக்காரன்" என்றாள்.

"இங்கிலாந்து ராசா. உன்ர மனுசன்ர படம் பேர்ஸுக்குள்ள கிடக்கு. இந்த ஆள் நெஞ்சில கிடக்கிறான். மறுபக்கம் திருப்பு. குதிரைக்குக் கீழ ஒரு குட்டி எழுத்து இருக்கோ பார்."

ரஞ்சி போன் கமெராவால் பெருப்பித்துப் பார்த்தாள். எம் என்று இருந்தது. மெல்பேர்னில் அடித்த காசு. இங்கே அச்சாகி, கப்பலேறி யாழ்ப்பாணம் போய், ஒரு பத்தரின் கையால் தாலிக்கொடியில் ஏறி, விமானத்தில் திரும்பி வந்திருக்கிறது. "அட, இது எனக்கு முதலே இஞ்சத்தை சிற்றிசன்" என்று ரஞ்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

காசு அடிக்க ராசாவாக இருக்கவேண்டும். இத்தாலியில் வாளால் ஒரு நகரத்தைப் பிடித்து வைத்திருந்த சின்னச்சின்னப் பிரபுக்களில் பலருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. அவர்கள்தான் பதக்கம் வார்த்தார்கள். பழைய ரோமச் சக்கரவர்த்திகளின் காசில் இருந்த மாதிரியே பக்கவாட்டு முகம், சுற்றிவர பெயர், பின்பக்கம் தன் கோட்டையோ சின்னமோ. அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது. ஆனால் பக்கத்து அரண்மனைக்கு அனுப்பலாம், படைத்தலைவனுக்குப் பரிசாகக் கொடுக்கலாம், பெண் கொடுக்கப் போகிற வீட்டுக்கு முகத்தைக் காட்டலாம். கோட்டை கட்டும்போது அத்திவாரத்துக்குள் போட்டுப் புதைத்தார்கள். கோட்டை இடிந்தாலும் இடிக்கிறவன் கையில் என் முகம் அகப்படட்டும் என்ற கணக்கு. பொன்னிலும் வெள்ளியிலும் வார்த்தவற்றில் முக்கால்வாசியை வாரிசுகள் உருக்கித் தின்றுவிட்டார்கள். வெண்கலத்தை உருக்கி ஆருக்கு என்ன லாபம்? அதனால் அது தப்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சி என்னைத் த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனாள். ஊரிலிருந்து ஆள் வந்தால் பிள்ளையாருக்குக் காட்டாமல் விடமாட்டார்கள். நகரத்தைக் குறுக்கறுத்து மறு அந்தம் வரைக்கும் காரில் போகவேண்டும். மலையடிவாரம், யூக்கலிப்டஸ் வாசம், அதற்குள் திருநீற்று வாசம். உள்ளே கால் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரஞ்சி என்னை எல்லோருக்கும் "மெடல் படிப்பிக்கிற அக்கா" என்று அறிமுகப்படுத்தினாள். "என்ர பேரனும் நீச்சல்ல மூண்டு மெடல் வைச்சிருக்கிறான்" என்றார் ஒரு அங்கிள். பேரன் தலையை நிமிர்த்தாமல், தாத்தா, நிறுத்துங்கள் என்று இங்கிலீசில் சொன்னான்.

அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் ஐயர். ரஞ்சி என்னைப் பார்த்தாள். "தயாளன், சுவாதி நட்சத்திரம்" என்றேன். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவருக்குத்தான் செய்வது. அம்மா இவ்வளவு காலமும் தயாவுக்கு அர்ச்சனைதான் செய்கிறார், ஒருநாளும் திவசம் செய்ததில்லை. அப்பா சாகும்வரை இதில் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஐயர் அவன் பெயரைச் சொல்லிப் பூவைப் போட்டபோது, எங்கேயோ ஓரிடத்தில் அவன் திரும்பிப் பார்த்திருப்பான் போலிருந்தது. அப்படி நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை என் தலைவிதி. வெரிபீ ரயில் ஓடவில்லை. தண்டவாள வேலை, பதிலாக பஸ். எந்த பஸ், எங்கே நிற்கும் என்று கேட்டால் ஆரஞ்சு அங்கி போட்ட பெண் ஒரு பக்கமும் அம்புக்குறி மறுபக்கமும் காட்டுகிறது. எங்களூரில் பஸ் இல்லையென்றால் இல்லையென்று கொண்டக்டர் கத்துவார், வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக் கேட்டே நேரத்தைக் கொன்றார்கள்.

பக்கத்தில் மடிக்கணினிப் பையோடு நின்ற ஒரு மனிதர், நான் போனில் ரஞ்சியோடு சண்டை பிடிப்பதைக் கேட்டுவிட்டு, "நீங்க மலையாளமா?" என்றார்.

"தமிழ்தான் தம்பி. நல்லாக் காதைக் குடுத்துக் கேளும்."

"ஐயோ சாரிங்க. நான் திருச்சி. வாங்க, இந்த பஸ்தான், நானும் சிட்டிக்குத்தான் போறேன்." வழி முழுக்கத் தன் பிஆர் விசா கதையைச் சொன்னார். அவருடைய அம்மா தனியே ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாராம். "தினமும் வீடியோ கால்ல பாத்துடுவேங்க. பாக்கறது ஈஸி. ஆனா முகத்தைத் தொட முடியல, அதான்" என்றார். இறங்கி அருங்காட்சியக வாசல்வரை என்னோடு வந்து விட்டுவிட்டு ஓடினார். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

பிந்தித்தான் போனேன். பொறுப்பாளர் ஹெலன் என்னிலும் கொஞ்சம் வயது கூடிய பெண், கோபிக்கவில்லை. "இவர் ஐந்நூறு வருடம் காத்திருந்தவர், இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்" என்று இங்கிலீசில் சொல்லிச் சிரித்தார். என் கைக்கு நீல நிறக் கையுறை தந்தார். மேசையில் மெத்தென்ற துணி விரித்திருந்தது. பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பாரம்! படத்தில் பாரம் தெரியாது என்று எனக்கு இவ்வளவு காலமும் உறைக்கவில்லை. கழுத்து தடித்த, மூக்கு வளைந்த, உதட்டை இறுக்கி மூடிய ஒரு மனிதன். ஆயிரம் பேர் தடவித் தடவிக் கன்னம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு துளை. ஆரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சரித்தபோது கண் உயிர் வந்து அசைந்தது.

அடுத்த கணம் நான் என்ன செய்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு கையாலும் பதக்கத்தைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வலது கண், இடது கண். புத்தகத்தைக் காலால் தட்டினால் ஒற்றுவோமே, விபூதித் தட்டை ஒற்றுவோமே, அதுபோல.

ஹெலன் "ஓ!" என்று ஒரு சத்தம் போட்டு எழுந்துவிட்டார். தோல் படக்கூடாது, உப்புப் படும், வெண்கலம் கெட்டுப்போகும். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதக்கத்தை வாங்கி மென்மையான துணியால் துடைத்தார். பிறகு, கோபமில்லாமல், உண்மையாகவே அறிய விரும்பி, "அவரிடம் என்ன கேட்டாய்?" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர் மேல் அல்ல. இந்த ஆள் ஆர்? கூலிக்குப் படை நடத்தினவன். இன்றைக்கு ஒரு நகரத்துக்காகச் சண்டை, நாளைக்குக் கூடக் காசு தந்தால் அதே நகரத்தைக் கொளுத்துவான். இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவள் நான். எத்தனை தாய்மாரை வீதிக்கு அனுப்பியிருப்பான் இவன்! பதக்கத்தின் மறுபக்கத்தில் அவனுடைய கோட்டை. யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகில் பிறந்து வளர்ந்த எனக்கா அது என்னவென்று தெரியாது? தெரிந்துகொண்டே ஒற்றினேன். கை தானாகப் போய்விட்டது, வெட்கங்கெட்ட கை. அவன் எதிர்பார்த்ததும் இதைத்தான். கையில் வைத்தால் கை பணியும் என்று கணக்குப் பார்த்துத்தான் வார்ப்பித்திருக்கிறான்.

"ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இவர் மேல் பொறாமை" என்று ஹெலனிடம் சொன்னேன். பிறகு தயாவைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றப் பதக்கங்களை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் சிட்னிக்கு ரயில். பகல் முழுக்க ஓடுகிறது. காய்ந்த மஞ்சள் வயல், ஆடு, மறுபடியும் மஞ்சள் வயல். வெக்கையில் தண்டவாளம் சூடாகிவிட்டதென்று நடுவழியில் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் யாழ்தேவி ரயிலில் என்றால் இதற்குள் நாலு பேர் வடையும் கச்சான் கடலையும் கொண்டு வந்திருப்பார்கள், பக்கத்து இருக்கைக்காரர் என் சாதகமே அறிந்திருப்பார். இங்கே இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை ஒன்று வாங்கினேன், வெளியே ஆறிப்போயும் உள்ளே நாக்கைச் சுட்டும் இருந்தது. எதிரே இருந்த கிழவி நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "மூடியைத் திறந்து ஊதிச் சாப்பிடு கண்ணே" என்கிற மாதிரி என்னவோ சொன்னாள். யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தயா எப்படி நிற்பான், படத்தில் எந்த வரிசையில் நிற்பான், தொப்பி போட்டிருப்பானோ என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆசை என்னை ஒரு சின்னப்பிள்ளை ஆக்கிவிட்டது.

பென்டில் ஹில் ஸ்ரேசனில் குகன் நின்றான். மொட்டை விழுந்த தலை, களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவனுடைய தடித்த பூட்ஸ். படகில் அகதியாக வந்தவன், கனகாலம் தடுப்பு முகாமில் இருந்தவன் என்று ரஞ்சி சொல்லியிருந்தாள். "அக்கா, வந்திட்டியளே" என்று என் பையை வாங்கிக்கொண்டான். கடைத்தெருவில் நிறுத்தி எனக்கென்று பனங்கிழங்கு வாங்கினான். ஐஸில் கிடந்து விறைத்த பனங்கிழங்கு. யாழ்ப்பாணத்தவளுக்குச் சிட்னியில் பனங்கிழங்கு!

வீட்டில் அவனுடைய மனைவி சாந்தி தேத்தண்ணி தந்தாள். நான் கதிரை நுனியில் இருந்தேன். "முதல்ல படத்தைக் கொண்டா தம்பி, பிறகு குடிக்கிறன்."

அவன் கொண்டுவந்தான். சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம், ஓரமெல்லாம் தண்ணீர் ஊறின கறை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். குகன் இருந்தான், நிறைய முடியோடு. நடுவில் மாஸ்ரர். பின்வரிசையில் வலது ஓரத்தில் நீளமான ஒரு உருவம், அந்தக் காலும் கையும் தயாதான். ஆனால் முகம்? கமெரா அமுக்குகிற நேரம் பார்த்து ஆரையோ திரும்பிப் பார்த்திருக்கிறான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை.

"எங்க தம்பி முகம்?"

"இதுதானக்கா இருக்கு."

"இது தெரிஞ்சுதான் என்னை இஞ்ச வரை கூப்பிட்டனியோ?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அம்மா அங்க போனைக் கையில வைச்சுக்கொண்டு இருக்கிறா!"

குகன் நிலத்தைப் பார்த்தான். "போனில அனுப்பினா நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சனான். அவன்ர ஆக்கள் ஒருத்தரையாவது பாக்கவேணும் போல இருந்தது அக்கா. அவனைப் பற்றிக் கதைக்க எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை." சாந்தி அவனுடைய தோளில் கை வைத்தாள்.

படத்தைத் திரும்ப மடியில் வைத்துப் பார்த்தேன். தயா ஒரு இடத்தில் ஒழுங்காக நிற்கிற பிள்ளையில்லை. சாப்பிடும்போதும் நடந்துகொண்டுதான் சாப்பிடுவான். கூலிப்படைக்காரன் ஐந்நூறு வருடமாக ஆடாமல் அசையாமல் இருக்கிறான், எங்கள் பிள்ளைக்கு ஒரு கணம் சும்மா நிற்கத் தெரியவில்லை. எழுந்து யன்னலடிக்குப் போய், வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து, அந்தப் புகைக்குள் ஒரு மூக்காவது தெரியாதா என்று குனிந்து பார்த்தேன். கண்ணீர் மூக்கு நுனியால் சொட்டியது.

"அக்கா!" குகன் கிட்டத்தட்டக் கத்தினான். "திரும்பாதேங்கோ. அப்பிடியே இருங்கோ."

"என்னப்பா?" என்றாள் சாந்தி.

"அவன்தான். பெஞ்சில எனக்குப் பக்கத்தில இருந்தவன். எட்டு வருசம் நான் இந்தப் பக்கத்தைத்தான் பாத்தனான். அந்த மூக்கு, அந்த நாடி... சாந்தி, இஞ்ச பார், இதுதான் தயா."

நான் அசையவில்லை. அவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். கொண்டைக்கு இடமில்லாமல் நெற்றியிலிருந்து நாடிவரை மட்டும் பெருப்பித்து என்னிடம் நீட்டினான்.

தன் பக்கவாட்டு முகத்தை ஒருவரும் கண்ணாடியில் பார்ப்பதில்லை. என்னுடையதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் என்னைத் தேடினேன், காணவில்லை. காதோர முடி நரைத்து, கன்னம் கொஞ்சம் விழுந்து, அவன் ஒருநாளும் வந்து சேராத வயதில் தயா நின்றான். "டேய்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சாந்தி அழுதாள்.

அம்மாவுக்கு ஒரு விளக்கமும் எழுதாமல் அதை அனுப்பினேன். பக்கத்து வீட்டு ஜெயா போனை அம்மாவின் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அவளே அழைத்து அம்மாவிடம் கொடுத்தாள்.  அவருடைய மூச்சும் ஊர்க் காகமும் மட்டும் கேட்டன. அது நான்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இவனுக்கு எப்பவடி நரைச்சது?" என்று கேட்டார் அம்மா.

"இப்பத்தான் அம்மா" என்றேன்.